காற்றில்லாத நாளின் அலை

செல்வம்,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. இன்லண்டு லெட்டரில் மூன்று பக்கம் எழுத இடம் இருக்க, நீ இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாய். ஏழுமலை மாமா கல்யாணத்துக்கு வருவாரா என்று ஒரு வரி. அந்தப் பலகை இன்னும் இருக்கிறதா என்று ஒரு வரி. உன் அம்மா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மீதி இடத்தை யாருக்கு விட்டு வெச்சிருக்கான்? உங்களுக்கா?" என்று கேட்டாள். அவள் விளையாட்டாகக் கேட்டாளோ என்னவோ, எனக்கு அப்படித்தான் பட்டது. ஆகவே முழுத்தாள் வாங்கி வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதை நான் ஒட்டி மறைத்து அனுப்பப் போவதில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நீ மெட்ராஸ் ஐஸ் ஃபாக்டரியில் யாரிடம் வேண்டுமானாலும் இதைப் படிக்கக் கொடுக்கலாம்.

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. ஆவணியில் உன் கல்யாணம், பெரிய முதலியார்சாவடியில் தேவகி வீட்டில். தாய்மாமன் என்று போடுகிற இடத்தில் உன் அம்மா தன் தம்பி ஏழுமலையின் பெயரைப் போடச் சொன்னாள். போட்டாயிற்று. அவனைக் கேட்காமல் போட்டோம். மூன்று வருஷமாக நம் வாசற்படியை மிதிக்காதவன் பெயரை அச்சில் ஏற்றுவது, சரக்கு கைக்கு வரும் முன் ரசீது எழுதுகிற வேலை. நான் கடையில் ஒரு நாளும் அதைச் செய்ததில்லை. வீட்டில் செய்தேன்.

உன் முதல் கேள்விதான் கஷ்டம். ஆகையால் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். பலகை இருக்கிறது. உப்புக் கிடங்கில், கிழக்குச் சுவர் ஓரம், மூட்டைகளுக்குப் பின்னால், சாக்குப் போர்த்திச் சாய்த்து வைத்திருந்தேன். போன வாரம் வெளியே எடுத்தேன். மூக்குப் பக்கம் ஒரு விரற்கடை நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது. மரக்கலத்துக்கு அடைக்கிற மாதிரி குங்கிலியம் காய்ச்சி அடைத்திருக்கிறேன். வெள்ளைக்காரச் சாமானுக்கு நம் ஊர் மருந்து பிடிக்குமா என்று தெரியாது. தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், உள்ளே ஏறவில்லை.

அலை மேல் ஏறி நின்று வருகிற அந்தப் பலகை முதல் முதலில் மரக்காணம் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாண்டி பஸ்ஸின் கூரையில் அதைக் கட்டி, அதன் மேல் ஒரு கையை வைத்தபடி அந்த ஆஸ்திரேலியாக்காரன் மேலேயே உட்கார்ந்து வந்தான். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொல்ல, அது என்ன சாமான் என்று எழுதுவது என்பதில் தகராறு. "மேசையா, கதவா, பொணப் பலகையா, ஒண்ணைச் சொல்லுய்யா, எழுதிட்டுப் போறேன்" என்று கண்டக்டர் நின்றுவிட்டான். நீதான் கூட்டத்தில் புகுந்து, "மரம்னு எழுதிக்குங்கண்ணே, இதுவும் கடல்ல போற மரம்தான்" என்றாய். அன்றைக்கே உனக்கும் அவனுக்கும் ஒட்டிக்கொண்டது. ஊர் அவனைப் பலகைத் துரை என்று கூப்பிட ஆரம்பித்தது. பெரிய முதலியார்சாவடிப் பக்கம் கீற்றுக் குடிசையில் இருந்துகொண்டு, நம் முகத்துவாரத்துக்கு எதிரே அலை நன்றாக மடிகிறது என்று வாரம் இரண்டு தடவை பஸ் ஏறி வந்தான்.

அவன் தமிழை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. டீக்கடையில் உட்கார்ந்து ஒரு நாள், "இந்த அலை இங்க பொறக்கல. ரொம்பத் தூரம். லங்கா தாண்டி, கீழ, கீழ. அங்க புயல். அலை நாலு நாள், அஞ்சு நாள் நடக்குது, இங்க வருது" என்றான். ஏழுமலை அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அஞ்சு நாளு இன்னாத்துக்குப்பா நடக்குது? அதுக்கு பஸ்ஸு கெடைக்கலையா?" என்று கேட்க, கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ மட்டும் சிரிக்கவில்லை, மேற்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாய். பக்கத்துப் புயல் கிளப்புகிற அலை குட்டையாக, நெருக்கமாக, கலங்கி வரும் என்றும், தூரத்துப் புயலின் அலை வழியெல்லாம் தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டு கூட்டம் கூட்டமாக வரும் என்றும், இரண்டு கூட்டத்துக்கு நடுவில் கடல் செத்தது போலக் கிடக்கும் என்றும் அவன் சொன்னான். காசு கொடுத்தாலும் கிடைக்காத விஷயம் அது. காசு கொடுக்காமல் கிடைத்ததால் நான் காதில் வாங்கவில்லை.

உனக்குத் தெரியும், எனக்கும் கடலுக்கும் ஆகாது. அனுமந்தைக் கரையில் கட்டுமரக்காரன் வீட்டில் பிறந்துவிட்டு, அலை தாண்டினால் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுக்கிற ஒருவன் என்ன ஆவான்? பதினாலு வயதில் என்னைக் கட்டுமரத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். உப்பளத்தில் கூலிக்குப் போனேன். பன்னிரண்டு வருஷம் பாத்தியில் பலகையால் உப்பு வாரினேன். பிறகு தலைச்சுமையாக ஒவ்வொரு குப்பமாகக் கருவாடு போடுகிறவர்களுக்கு உப்பு விற்று, மாட்டு வண்டி வைத்து, கடை வைத்து, இன்றைக்கு மரக்காணம் கடைத்தெருவில் என் பேச்சுக்கு ஒரு எடை இருக்கிறது. நீ பலகையும் கையுமாகத் திரிந்தபோது, "நானும் பலகை பிடிச்சவன்தான்டா. என் பலகை உப்பு வாரிச்சு. உன் பலகை இன்னா வாருது?" என்று பலர் எதிரில் கேட்டிருக்கிறேன். நீ, "ஒண்ணும் வாரல நைனா, சும்மா நிக்கறேன்" என்றாய். திமிர் என்று நினைத்தேன். நீ செய்ததை அப்படியே சொன்னாய், அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு நீ மாமனார் ஊரில் இருந்து அவருடைய ஐஸ் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம். பலகை இருக்கிறதா என்று கேட்டவன் அதை வீட்டில் மாட்டி வைக்கக் கேட்டிருக்க மாட்டாய். ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சொல்லி வைக்கிறேன். உனக்கு அலையைப் பற்றி நான் சொல்வதா என்று நீ நினைக்கலாம். மூன்று வருஷமாக விடியற்காலையில் நான் வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் தண்ணீரில் நின்று வருகிறேன். கரையில் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். ஏன் அப்படி நிற்க ஆரம்பித்தேன் என்பதையும் பிறகு சொல்கிறேன்.

தை, மாசியில் வாடை ஓய்ந்து கடல் இறங்கிவிடும். அலை சின்னது, ஆனால் ஒழுங்காக வரும். மூன்று வருஷமாகப் பலகை ஏறாதவன் திரும்பப் பழக அதுதான் மாசம், அதற்கு முன் அவசரப்படாதே. பங்குனியிலிருந்து தெற்குக் காற்று பிடிக்கும். விடியலில் ஒன்றும் இருக்காது, உச்சிப்பொழுது நெருங்க நெருங்கக் காற்று எழுந்து கடலைக் கலக்கிவிடும். அலை பெரிசாகத் தெரியும், ஆனால் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி நொறுங்கும். ஆனி, ஆடியில் மேல்காற்று. நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற அந்த உலர்ந்த காற்றில்தான் என் பாத்திகளில் உப்பு மணி மணியாகத் திரளும். அதே காற்று, கரைக்கு வருகிற அலையை நெஞ்சில் கை வைத்து நிறுத்துகிற மாதிரி நிறுத்தும். அலை சுவர் போலக் கொஞ்ச நேரம் நின்று, பிறகு ஒரு ஓரத்திலிருந்து வரிசையாக மடியும். துரை அதற்குத்தான் காத்துக் கிடப்பான். ஆக, எனக்கு நல்ல உப்பு விளைகிற காலையும் உனக்கு நல்ல அலை வருகிற காலையும் ஒன்றுதான். துரை இருந்த இரண்டு வருஷமும் நாம் ஒரே காற்றைப் பார்த்துக்கொண்டுதான் சண்டை போட்டிருக்கிறோம்.

ஐப்பசி பிறந்தால் எல்லாம் மாறும். தெற்கிலிருந்து வடக்கே ஓடிய நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே திரும்பும். மழையும் சேறும் வாடையும் சேர்ந்து அலைக்கு முகமே இருக்காது. ரேடியோவில் புயல் என்று சொன்ன பிறகும் இறங்குகிறவனிடம் எனக்குப் பேச்சில்லை. ஆனால் சொல்வதற்கு முந்தின நாளைப் பற்றிப் பேசலாம். புயல் வெகு தூரத்தில் இருக்கும்போது, வானம் வெளுத்து, காற்று அடங்கி, அலை மட்டும் பெரிசாக, அழகாக வரும். அந்த அழகான நாளில் கரையில் உட்கார்ந்து பார்.

இன்னொன்று, மணல். அலை எங்கே மடியும் என்பதைத் தண்ணீர் முடிவு செய்வதில்லை, அடியில் கிடக்கிற மணல் திட்டு முடிவு செய்கிறது. கார்த்திகை மழையில் கழுவெளி ஏரித் தண்ணீர் முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு போகும்போது மணலைக் கடலுக்குள் தள்ளித் திட்டு போடும். உனக்கும் துரைக்கும் பிடித்த அந்த இடம் அப்படி உண்டானது. நீ போன பிறகு ஒரு கார்த்திகையில் பெரிய காற்று அடித்தது. அடுத்த தை மாசம் நான் போய்ப் பார்த்தபோது அந்த இடத்தில் ஆழம். அலை மடியாமல் நேரே வந்து கரையில் மோதியது. திட்டு வடக்கே இரண்டு கூப்பிடு தள்ளிப் போயிருந்தது. பருவம் முன்னே மாதிரி இல்லை, வாடை தள்ளி வருகிறது, கோடை முந்தி வருகிறது என்று வலைக் கொட்டகையில் தினம் பேசுகிறார்கள். எனக்கு மூன்று வருஷக் கணக்குத்தான் தெரியும், அதை வைத்து முன்னே பின்னே சொல்ல மாட்டேன். இவ்வளவு சொல்வேன்: நீ விட்டுப் போன கடல் இப்போது இல்லை. பெரிய முதலியார்சாவடியில் கரையே வேறு, சரிவு அதிகம், அலை கடைசி நேரத்தில் எழுந்து காலடியில் உடையும். முதல் பத்து நாள் பலகையை வீட்டில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்று பார். அதற்கும் முன்னால் தேவகியிடம் சொல்லிவிடு. கட்டிக்கொண்டவன் காலையில் எங்கே போகிறான் என்பதை அவள் அக்கம்பக்கத்தார் வாயால் கேட்கக்கூடாது. உன் அம்மா என் விஷயத்தில் அப்படித்தான் கேட்டாள்.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன்.

நம் கரை வழக்கம் உனக்குத் தெரியும். தேவகி படித்தால் அவளுக்கும் புரியட்டும் என்று எழுதுகிறேன். கட்டுமரம் தள்ளும்போது அதில் ஏறுகிறவன் எதிரே வருகிற ஒரே அலையைத்தான் பார்ப்பான். அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்பது அவனுக்குத் தெரியாது. அதனால் கரையில் ஒருவன் நின்று பார்த்து, அலை அடங்கிய நேரத்தில் துண்டைத் தூக்குவான். துண்டு எழுந்தால் மரம் போகும். துண்டு தூக்குகிறவனுக்கு இரண்டு கட்டுப்பாடு. அவனுடைய சொந்தத்தில் ஒருவன் மரத்தில் இருக்க வேண்டும். அவன் கால் முழங்கால் வரை தண்ணீரில் இருக்க வேண்டும். முதலாவது ஏன் என்று யாருக்கும் விளங்கும். இரண்டாவது ஏன் என்று எனக்கு நாற்பத்தெட்டு வயது வரை விளங்கவில்லை. அது ஏதோ மரியாதைக்கு என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சித்திரை மாசக் காலை. துரை தன் ஊருக்குப் போய், பலகையை உன்னிடம் விட்டு, மூன்று மாசம் ஆகியிருந்தது. நெத்திலி கூட்டம் கரைக்கு அருகே வந்திருந்தது. நான் உப்பு இறக்கி, லாரியும் சொல்லி வைத்திருந்தேன். வழக்கமாகத் துண்டு தூக்குகிற பெரியவருக்குக் காய்ச்சல். ஏழுமலை மரத்தடியில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டான். "மாமா, நீ தூக்கு. நான்தான் மரத்துல இருக்கேனே, சொந்தத்துக்குச் சொந்தம் ஆச்சு." இன்னொருவன், "உப்புக்கார மாமா தூக்கினா அலைக்கே தாகம் எடுக்கும்டா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பதினாலு வயதில் என்னை இறக்கிவிட்ட கரை, முப்பத்து நாலு வருஷம் கழித்து என் கையில் துண்டைக் கொடுத்தது. எனக்கு அன்று எப்படி இருந்தது என்பதை நான் உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

வருகிற வழியில் நான் உப்பளத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். லேசான மேல்காற்று, அதுவும் நின்றுவிட்டது. பாத்தித் தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை, கண்ணாடி மாதிரி கிடந்தது. பாத்தி அசையவில்லை என்றால் கடலும் அசையாது என்று எனக்குக் கணக்கு. உப்பளத்துக்காரன் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. கரைக்கு வந்து பார்த்தேன், கடலும் அப்படித்தான் கிடந்தது. காலில் பாண்டியில் வாங்கிய புதுத் தோல் செருப்பு. உப்புத்தண்ணீர் பட்டால் தோல் விறைத்துப் போகும். காய்ந்த மணலிலேயே நின்றேன். நீ எனக்கு முன்னால் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாய்.

"நைனா, வேணாம். இப்பத் தூக்காத" என்றாய்.

"ஏன்டா?"

"தண்ணி உள்ள இழுக்குது. பெரிசு இன்னும் வரல. கொஞ்சம் பொறு."

"நான் பாத்தியைப் பார்த்துட்டுத்தான் வர்றேன். ஒரு அசைவு இல்ல."

"பாத்தி வேற, கடல் வேற நைனா. காத்தில்லாத அன்னிக்குத்தான் தூரத்து அலை வரும். ஒரு உலை கொதிக்கிற நேரம் சும்மா இருக்கும், அப்புறம் வரும்."

"எனக்கே சொல்றியா? லாரி நிக்குது, தள்ளு" என்றேன். நீ என்னிடம் பேசிப் பயனில்லை என்று மரத்தைப் பார்த்துத் திரும்பி, நில்லுங்கள் என்று இரண்டு கையையும் உயர்த்தினாய். உன் தலைக்குப் பின்னால் நான் துண்டைத் தூக்கினேன். மரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரே நேரத்தில் கையும் துண்டும் தெரிந்தன.

ஐந்து அலை வந்தது. முதலாவதை ஏழுமலையின் மரம் ஏறிவிட்டது. இரண்டாவது அதைச் செங்குத்தாக நிறுத்தியது. மூன்றாவது கவிழ்த்து, கட்டுக்கயிற்றை அறுத்து, மரங்களைத் தனித்தனியாக உருட்டியது. இரண்டு மரத்துக்கு நடுவில் அவன் வலது கால். மற்றவர்கள் நீந்தியும் நீ இழுத்தும் கரை சேர்ந்தார்கள். நெத்திலிக்கு வந்த லாரியில் ஏழுமலையை ஏற்றினோம். அவன் தலை உன் மடியில். அவன் பெண்சாதி லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு, "யாருய்யா துண்டு தூக்கினது?" என்று கேட்டாள். கரை முழுக்க நின்றிருந்தது.

"பையன் கையைக் காட்டினான். நான் தூக்கினேன்" என்றேன்.

ஐந்து வார்த்தை. அதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. கடையில் இருபது வருஷம் உட்கார்ந்து கற்ற வித்தை அது. உப்பு ஈரம் என்று சொல்லாமல், நேற்று வாரியது என்று சொல்லி விற்கலாம். கேட்பவன் தானாக வேறு ஒன்றைப் புரிந்துகொள்வான். நீ மடியிலிருந்த தலையைப் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாய். நான் உன் பார்வையிலிருந்து லாரிக்காரன் பக்கம் திரும்பி, வண்டியை எடுக்கச் சொன்னேன்.

பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஏழுமலை கால் பிழைத்தது, ஆனால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது. அன்றிலிருந்து அவன் மரம் ஏறவில்லை. விளையாட்டுப் பிள்ளை கையைக் காட்டி ஆளை முடமாக்கிவிட்டான் என்று கரை பேசியது. அந்தப் பலகை வந்த நேரம் சரியில்லை என்றும் பேசியது. நான் மறுக்கவில்லை. பேச்சுக்குப் பொருத்தமாகப் பலகையைக் கிடங்கில் போட்டுப் பூட்டினேன். வைகாசியில் நீ மெட்ராஸுக்குப் போய்விட்டாய். பஸ் ஏறும்போது, "வர்றேன் நைனா" என்று மட்டும் சொன்னாய். நீ ஏன் அன்று உண்மையைச் சொல்லவில்லை என்று நான் உன்னைக் கேட்டதில்லை. கேட்டால் நீ பதில் சொல்லிவிடுவாயோ என்று பயம்.

நான் தண்ணீரில் நிற்க ஆரம்பித்தது அதன் பிறகுதான். பச்சாதாபத்தால் என்று நினைக்காதே. நான் செய்தது சரி, அன்று எவன் நின்றாலும் அப்படித்தான் தூக்கியிருப்பான் என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ளப் போனேன். அடுத்த சித்திரையில் அதே மாதிரி ஒரு காலை அகப்பட்டது. பாத்தி கண்ணாடி. கடல் கண்ணாடி. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நின்றேன். கொஞ்ச நேரத்தில் முழங்காலைச் சுற்றியிருந்த தண்ணீர் வடியத் தொடங்கியது. வழக்கமாக வடிவதைப் போல இல்லை, யாரோ உள்ளேயிருந்து இழுப்பதைப் போல. குதிகாலுக்கு அடியிலிருந்து மணல் கரைந்து போய், நான் பின்பக்கம் சாய்ந்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, காலுக்குத் தெரிந்தது. எண்ணிக்கொண்டே நின்றேன். ஐந்து அலை வந்தது. கரையில் என்னைத் தவிர யாரும் இல்லை. அன்றைக்கே ஏழுமலை வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நான் கடையைத் திறக்கப் போனேன். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் போனேன், வந்தேன், கடையைத் திறந்தேன்.

உன் கடிதத்தில் நீ எழுதாமல் விட்ட இடத்தைப் பார்த்த பிறகுதான் போன புதன்கிழமை கிளம்பினேன். ஏழுமலை வலைக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து நைலான் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"வா மாமா. செருப்பைக் கழட்டிட்டு உக்காரு, வலைல மாட்டும்" என்றான். மூன்று வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. நான் உட்கார்ந்து, செருப்பிலிருந்து பாத்தி வரை, நீ சொன்னதிலிருந்து நான் சொன்னது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கை நிற்கவில்லை, முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தான்.

"அந்தப் பையனை இத்தினி வருசமா நான் ஏசினதெல்லாம் உன் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"நீ இன்னா பண்ண?"

"சும்மா இருந்தேன்."

நூலைப் பல்லால் அறுத்தான். "காலு போனதுக்கு எனக்குக் கோவம் இல்ல மாமா. யாரு தூக்கினாலும் ஒரு நாளு தப்பும், எங்க அப்பனுக்கே தப்பியிருக்குது. ஆனா அவன் கையைத் தூக்கினதை நான் பார்த்தேன். நிறுத்தத்தான் தூக்கறான்னு அப்ப எனக்கே ஒரு நெனப்பு வந்துச்சு. அப்புறம் நீ சொன்னதைக் கேட்டு அந்த நெனப்பை விட்டுட்டேன். நான் பார்த்ததையே என்னை நம்பவிடாம பண்ணிட்ட பாரு, அதுக்குத்தான்."

பிறகு பத்திரிகையை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். தன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தான். "கேக்காமலே போட்டுட்டீங்களா? அக்கா வேலையா?" என்றான். ஆமாம் என்றேன். அப்புறம் இரண்டு காரியம் சொன்னான். முதலாவது, நான் அன்றைக்குக் கரையில் ஆள் கூடியிருக்கும்போது சொன்னேன், ஆகவே இன்றைக்கும் ஆள் கூடியிருக்கும்போது மாற்றிச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால், நான் வியாபாரி, வார்த்தையைத் திருகிவிடுவேன், அதனால் எழுதிப் படிக்க வேண்டும் என்றான். அதனால்தான் இந்தக் கடிதம் ஒட்டாமல் இருக்கிறது. நாளைக்கு வலைக் கொட்டகையில் இதை முழுக்கப் படித்துக் காட்டிய பிறகே தபாலில் போடுவேன்.

இரண்டாவதை அப்படியே எழுதுகிறேன்.

"கல்யாணத்துக்கு முந்தின நாளு காலைல நான் மரம் ஏர்றேன். துண்டு செல்வம் தூக்கட்டும்."

"உன் காலை வெச்சுக்கிட்டா?"

"காலு என்னுது மாமா."

"அன்னிக்குக் கடல் சரியில்லன்னா?"

"சரியில்லன்னா அவன் தூக்கமாட்டான். கரைல அத்தினி பேரும் பார்க்க, தூக்காம நிப்பான். அதையும் நான் பார்க்கணும்."

"அப்ப கல்யாணத்துக்கு?"

"மரத்தைக் கரைலயே போட்டுட்டு, குளிச்சிட்டு வர்றேன். தாய்மாமன் இல்லாம எப்படி தாலி ஏறும்னு அக்காவாண்ட போயி சொல்லு" என்று பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

ஆகவே மாமா வருவார். உன் முதல் கேள்விக்குப் பதில் அதுதான். என்னை அவன் மன்னித்துவிட்டான் என்று நான் எழுதவில்லை, அவனும் சொல்லவில்லை. நீ மன்னிக்க வேண்டும் என்றும் இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. அது உன்னிடம் நேரில் கேட்க வேண்டியது.

லீவு இரண்டு நாள் கூடச் சொல்லி, முன்னதாகவே வந்துவிடு. திட்டு இடம் மாறியிருக்கிறது என்று எழுதினேன் அல்லவா, மரம் தள்ளுகிற இடத்திலும் அலை வேறு மாதிரி உடைகிறது. இரண்டு நாள் காலையில் நீ நின்று பார்க்க வேண்டும். ஆவணியில் மேல்காற்று தளர்ந்து வருகிற நேரம், காற்றில்லாத காலை ஒன்று நடுவில் வந்தாலும் வரும். உன் காலுக்குத் தெரியும். நான் எதுவும் சொல்ல மாட்டேன். அந்தத் துண்டு என்னிடம்தான் இருந்தது, பலகைக்குக் கீழே மடித்து வைத்திருந்தேன். உன் அம்மா துவைக்கக் கேட்டாள், கொடுக்கவில்லை. நானே துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். அன்று காலை நீ முழங்கால் தண்ணீரில் நிற்பாய். நான் உனக்குப் பின்னால், மேலே, காய்ந்த மணலில், செருப்போடு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.